முதல் தண்ணியிலே போன கறை

மார்ச் 4

அடி மிளகு,

எப்படி இருக்கேன்னு நீ கேக்கமாட்டே. நானே சொல்லிடறேன். முட்டிவலி அப்படியேதான் இருக்கு. சாப்பாடு பாதி நாள் இறங்கல. வேலைக்குப் போறேன். ஆஸ்பத்திரி கேன்டீன்ல யாரும் எதுவும் கேக்கறதில்ல, பெரிய அண்டாவை மட்டும் என் பக்கம் தள்ளாம அவங்களே தேய்ச்சு வெச்சுடறாங்க. அவங்க துக்கம் விசாரிக்கிற விதம் அது.

நீ லாரியில அடிபட்டுப் போய் இன்னையோட முப்பத்தெட்டு நாள். எட்டாவதுவரைக்கும் படிச்ச கையெழுத்து இது, சிரிக்காதே. இந்தக் காகிதத்தை மடிச்சு உன் துணி அலமாரியில வெக்கப்போறேன், வேற எங்க அனுப்ப?

நேத்து உன் பெட்டி வந்துச்சு. நீ படிச்ச இடத்துல இருந்து அனுப்பியிருக்காங்க. ரெண்டு சுடிதார், செருப்பு, சீப்பு. சீப்புல முடி இருந்துச்சு, எடுக்கல. அடியில பஞ்சு சுத்தி விரல் அளவு கண்ணாடி பாட்டில் ஏழு. ஒவ்வொண்ணோட உள்பக்கமும் கறுப்பா, ஊதாவா கறை காஞ்சு ஒட்டியிருந்துச்சு. அந்த இடத்துச் சாமானா இருக்கும், என்னைக்காவது கேட்டு வருவாங்கன்னு தோணுச்சு. இரவல் வாங்கின பாத்திரத்தைக் கழுவாம திருப்பித் தந்தா நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க?

உக்காந்து கழுவினேன். ஆறு பாட்டில் என் உயிரை வாங்கிடுச்சு. சோப்பு, சாம்பல், கம்பி நார், கடைசியில மண்ணெண்ணெய். ஒண்ணே ஒண்ணு மட்டும் நல்ல பிள்ளை, முதல் தண்ணி ஊத்தினதுமே விட்டுடுச்சு. நீ எழுதி ஒட்டின சீட்டையெல்லாம் முதல்லயே உரிச்சு, வரிசையா முகம் பாக்கிற கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கேன். உன் எழுத்தாச்சே.

"அம்மா, நீயும் பாத்திரம் கழுவுற, நானும் நாள்பூரா பாத்திரம் கழுவறேன். என் வேலைக்குக் கொடுக்கிற பேருதான் ஆராய்ச்சி"ன்னு சொல்வியே. நேத்து உன் பங்கையும் நானே கழுவினேன்.

உடம்பைப் பாத்துக்கோன்னு எழுத வந்துடுச்சு கை. நிறுத்திக்கிறேன்.

அம்மா

*

மார்ச் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். பலமுறை போன் செய்தேன், அணைத்து வைத்திருப்பதாகவே சொல்கிறது. அதனால் கடிதம்.

நான் ஆய்வுக்கூடத்தில் உங்கள் மகளுக்குப் பக்கத்து மேஜைக்காரி. அவள் எனக்கு வைத்த பெயரைச் சொன்னால் தெரிந்துவிடும்: சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு தடிமன். அவளைத் தவிர வேறு யார் அப்படிக் கூப்பிட்டிருந்தாலும் சண்டைதான்.

அம்மா, அந்தப் பெட்டியைக் கட்டியது நான். அன்று அழுதுகொண்டே கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அவளுடைய சின்ன பாட்டில்கள் ஏழையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன் என்பது போன வாரம்தான் தெரிந்தது. அவை இங்கே இருக்க வேண்டியவை. தப்பு முழுக்க என்னுடையது. அவை உங்களிடம் இருக்கின்றனவா? முக்கியமாக, முப்பத்தொன்று என்று எழுதிய பாட்டில்?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். இரண்டு வரியாவது எழுதுங்கள்.

பணிவுடன்,
சோடாபுட்டி

*

ஏப்ரல் 3

கண்ணு,

நீ நல்லா இருக்கியா? உன்னைப் பத்தி அவ நிறைய சொல்லியிருக்கா. உன் டிபனைத் திருடித் தின்பாளாமே. நான் இருக்கேன்.

பாட்டில் ஏழும் உடையாம பத்திரமா இருக்கு. நீ கவலைப்படாதே. பெட்டியை நல்லாத்தான் கட்டியிருந்தே.

போன் பண்ணாதே கண்ணு. நான் போனை எடுக்கறதில்ல. எழுது, படிக்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கறியா? விடாம போட்டுக்கோ.

இப்படிக்கு,
மிளகு அம்மா

*

ஏப்ரல் 10

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்திலேயே குதித்தேன். எங்கள் ஆராய்ச்சி வழிகாட்டி ஐயா என்ன சத்தம் என்று வெளியே வந்து பார்த்தார். நீங்கள் நலமாக இருப்பதாக எழுதவில்லை, இருப்பதாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் கவனித்தேன்.

அந்தப் பாட்டில் ஏன் முக்கியம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நாங்கள் செய்வது ஒரு வகை பிளாஸ்டிக். சாதாரண பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது, இதில் ஓடும். கண்ணுக்குத் தெரியாத நீளமான சங்கிலிகளாக இருக்கும். ஆனால் தண்ணீரில் கரையாது. கரைக்க வேண்டுமென்றால் மூச்சை அடைக்கும் ரசாயனத் திரவங்கள் வேண்டும்.

அவள் முடியில் அந்த நாற்றம் அடிக்கிறது என்று நீங்கள் திட்டுவீர்களாமே. "எங்கம்மா பக்கத்துல படுக்க விடமாட்டேங்குது, இதைப் பச்சைத் தண்ணியில கரைச்சுக் காட்டறேன் பார்" என்று ஆரம்பித்தாள். சங்கிலியின் பக்கவாட்டில், தண்ணீருக்குப் பிடித்த சின்னச் சின்னக் கைகளை ஒட்ட வைக்கிற வேலை. முப்பது தடவை செய்தாள். முப்பதும் தண்ணீரில் கல்லாகக் கிடந்தன. முப்பத்தொன்றாவதைச் செய்த அன்றுதான் அந்த விபத்து. அவள் குறிப்பேட்டில் கடைசி வரி: "31. உலர வெச்சாச்சு. நாளைக்குத் தண்ணி ஊத்திப் பார்க்கணும்."

இருப்பது பாட்டில் சுவரில் படிந்த அந்தப் படலம் மட்டும்தான். ஒரு சிட்டிகைகூட வராது. பஞ்சில் சுற்றி அனுப்புங்கள் அம்மா. ஈரக்கை மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முட்டிவலி என்று அவள் சொல்வாள், எண்ணெய் தேய்க்கிறீர்களா?

அன்புடன்,
சோடாபுட்டி

*

மே 28

அன்புள்ள அம்மா,

ஏழு வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கே அவள் மேஜையைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வழிகாட்டி ஐயா கெட்டவர் இல்லை. "முப்பது முறை தோற்ற வேலை. முப்பத்தொன்றும் தோற்றிருக்கும் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதத்தோடு மூடிவிடலாம்" என்கிறார். மூடினால் அவள் மூன்று வருடம் செய்தது எதுவும் அவள் பேரில் எங்கேயும் வராது.

பாட்டில் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. உடைந்திருந்தாலும் பரவாயில்லை. எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

சோடாபுட்டி

*

ஜூன் 9

கண்ணு,

உனக்குச் சளி, காய்ச்சல் எதுவும் இல்லையே? எனக்கு ஒரு நோயும் இல்ல. பயம்தான் நோய்.

ஏழும் பத்திரமா இருக்குன்னு எழுதினது பொய் இல்ல. ஏழும் பளபளன்னு பத்திரமா இருக்கு. உள்ளே ஒண்ணும் இல்ல. உன் முதல் கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே நான் எல்லாத்தையும் கழுவிட்டேன். அடுத்தவங்க சாமான், சுத்தமா திருப்பித் தரணும்னு கழுவினேன். இருபத்தெட்டு வருஷமா பாத்திரம் கழுவற கைக்குக் கறையைப் பாத்தா சும்மா இருக்கத் தெரியாது.

நீ ஈரக்கை படக்கூடாதுன்னு எழுதியிருந்தே. அதைப் படிக்கும்போதே என் கை ஈரமாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்தக் கடுதாசியைத் தொடவே பயமாப் போச்சு. பேனாவைப் பத்து தரம் எடுத்திருப்பேன். எம்பொண்ணு மூணு வருஷம் பாடுபட்டதை நான் சாக்கடையில ஊத்திட்டேன்னு எப்படி எழுதுறது?

ஆனா உன் பெரியவர் தோத்திருக்கும்னு சொல்றாரே, அதுக்கப்புறம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. கேட்டுக்கோ. ஆறு பாட்டில் மண்ணெண்ணெய் போட்டுத்தான் விட்டுச்சு. அதுலயும் ரெண்டுல இன்னும் லேசா நிழல் இருக்கு. ஒண்ணு மட்டும் முதல் தண்ணியிலயே போயிடுச்சு. தேய்க்கவே இல்ல. சீட்டை உரிச்ச வரிசையிலதான் கழுவினேன், அதனால எதுன்னு நிச்சயமா தெரியும். அந்தச் சீட்டை இதோட வெச்சிருக்கேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். முப்பத்தொண்ணு.

நீ என்னைத் திட்டி எழுதினாலும் எழுது. சீட்டை மட்டும் திருப்பி அனுப்பிடு, அவ எழுத்து.

மிளகு அம்மா

*

ஜூன் 13

அம்மா,

நீங்கள் நலமா என்று கேட்டு எழுத ஆரம்பித்து மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். திட்டவா? உங்கள் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அது என்ன அழுகை என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். எந்தப் பதில் நல்லது, எது கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். நான் சொன்னால் உங்கள் மனசு அந்தப் பக்கம் சாயும். அவளுக்காகக்கூட ஒரு சொல் கூட்டிச் சொல்லக்கூடாது.

ஊற்றியது வெந்நீரா, பச்சைத் தண்ணீரா, சோப்புக் கலந்ததா? அந்தத் தண்ணீர் என்ன நிறமாக ஆனது? கொஞ்ச நேரம் வைத்திருந்தீர்களா, வைத்திருந்தால் அடியில் ஏதாவது தங்கியதா?

சீட்டு இத்துடன் இருக்கிறது. படம் எடுத்து வைத்துக்கொண்டேன். முட்டிவலிக்கு மாத்திரை வாங்கிப் போடுங்கள், எண்ணெய் மட்டும் போதாது.

சோடாபுட்டி

*

ஜூன் 20

கண்ணு,

மாத்திரை வாங்கிட்டேன், சரியா? நீயும் வேளைக்குச் சாப்பிடு. படிக்கட்டுல உக்காந்து அழுதா உடம்பு என்னத்துக்கு ஆகும்.

பச்சைத் தண்ணி. குழாய்த் தண்ணி. சோப்பை அப்ப கையிலகூட எடுக்கல.

நிறம் கத்திரிக்காய்த் தோல் மாதிரி. நல்ல ஊதா. ஒரு பாட்டில்ல இவ்வளவு நிறம் எங்கிருந்து வருதுன்னு நினைச்சேன். கிண்ணத்துல ஊத்தினதுக்கு அப்புறமும் வெளுக்கல.

மூணாவது கேள்வி. கொட்ட மனசு வரல, அவ தொட்டது ஆச்சே. கிண்ணத்தோட மூடி வெச்சுட்டேன். மறுநாள் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி திறந்தேன். அடியில ஒரு துளி மண்டி இல்ல. இதை என்னைவிட யாரும் நல்லா சொல்ல முடியாது. பாத்திரம் கழுவறவளுக்கு அடியில என்ன தங்கியிருக்குங்கறதுதான் பொழப்பே. கஞ்சி தங்கும், பருப்பு தங்கும், காப்பித்தூள் தங்கும். இது தங்கல. அப்புறம் வாசல் குழாயடியில ஊத்தினேன். சிமென்ட் ரெண்டு நாள் ஊதாவா கிடந்துச்சு. உன் ஏப்ரல் கடுதாசி வந்த அன்னைக்கு மூலையில மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. யாரோ பாத்துடுவாங்கங்கற மாதிரி அதையும் பிரஷ் போட்டுத் தேய்ச்சுட்டேன். ரெண்டாவது தடவையும் நானே அழிச்சேன் பாரு.

ஒரு சொல் கூட்டல, குறைக்கல.

மிளகு அம்மா

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அம்மா,

வலி குறைந்ததா? எனக்குத் தூக்கம் குறைந்திருக்கிறது, மற்றபடி நலம்.

இப்போது சொல்லலாம். ஊதாதான் அம்மா. ஊதாவாகத்தான் இருக்க வேண்டும்.

தண்ணீருக்குப் பிடித்த கைகள் குறைவாக ஒட்டினால் அது கரையாது. அதிகமாக ஒட்டினால் கரையும், ஆனால் இடம் போதாமல் சங்கிலி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய சங்கிலியில் மின்சாரம் ஓடாது, நிறமும் மஞ்சளாகிவிடும். ஊதாவாகவே கரைந்தது என்றால் சங்கிலி நிமிர்ந்து நின்றபடியே தண்ணீருக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். அவள் செய்துவிட்டாள். உலகத்திலேயே அதைப் பார்த்த ஒரே ஆள் நீங்கள்.

ஐயாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த அம்மா நம் மாணவர்களைவிட நன்றாகக் கவனித்திருக்கிறார். ஆனால் இதை ஆதாரமாக எழுத முடியாது. மறுபடி செய்து காட்டினால்தான் அவள் பேரைப் போட முடியும்." வருடக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்.

செய்தேன். ஒரு மணி நேரம் சூட்டில் வைத்தேன், கல் மாதிரி கிடந்தது. ஒரு நாள் முழுக்க வைத்தேன், கரைந்தது, மஞ்சளாக. இடையில் எங்கேயோ இருக்கிறது அவள் வைத்த நேரம். பதினொன்று நாற்பதுக்குச் சூட்டில் வைத்ததைக் குறித்திருக்கிறாள். இறக்கிய நேரத்தைக் குறிக்கவில்லை. அவள் தன் கையால் செய்து வைத்த மூலப்பொருள் இன்னும் இரண்டு தடவைக்குத்தான் வரும். அது தீர்ந்தால் முதலிலிருந்து செய்ய ஒரு வருடம் ஆகும், அதற்கு ஐயா விடமாட்டார்.

அம்மா, அன்று அவள் உங்களிடம் பேசினாளா? எப்போது இறக்கப்போகிறேன் என்று ஏதாவது சொன்னாளா?

சோடாபுட்டி

*

செப்டம்பர் 30

கண்ணு,

நல்லா இருக்கியா? ஆறு வாரம் உன்னைக் காக்க வெச்சுட்டேன். மறுபடியும்.

உன் கேள்விக்கு என்கிட்ட பதில் இருந்துச்சு. அதை எழுதணும்னா இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்லணும்.

அன்னைக்குக் காலையில பேசினா. "அம்மா, அடுப்புல ஏத்தப்போறேன். இறக்கினதும் கூப்பிடறேன்"னா. அடுப்புன்னுதான் என்கிட்ட சொல்வா, எனக்குப் புரியறதுக்கு. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு தரம் கூப்பிட்டா. போன் இடுப்புல இருந்துச்சு, ரெண்டு தரமும் அடிச்சது தெரிஞ்சுது. முழங்கை வரைக்கும் சோப்புத் தண்ணி. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். நான் வீட்டுக்கு வந்தப்ப வேற யாரோ கூப்பிட்டாங்க, ஆஸ்பத்திரியில இருந்து.

என் போன் பழைய பட்டன் போன். எடுக்காத அழைப்பு பத்துதான் அதுல நிக்கும். பதினொண்ணாவது வந்தா பழசு விழுந்துடும். துக்கம் கேட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளோட ரெண்டும் எட்டாவது, ஒம்பதாவது இடத்துக்குப் போயிடுச்சு. அன்னைக்கு அணைச்சவதான். அதனாலதான் உன் போனை எடுக்கல.

நேரத்தைப் பாக்கணும்னா போனைப் போடணும். போட்டா யாராவது கூப்பிட்டுடுவாங்களோன்னு நடுக்கம். அதுலயே இத்தனை நாள் ஓடிச்சு. கடைசியில கேன்டீன்ல காய்கறி வெக்கிற குளிர் அறை ஞாபகம் வந்துச்சு, அங்க சிக்னல் எட்டாது. நேத்து உள்ளே போய் கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டேன். மேற்பார்வைக்காரர் கதவைத் திறந்து, "என்னம்மா, கோஸுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு யார்கூட பேசற?"ன்னார். "எம்பொண்ணுகூட"ன்னேன். அவர் கதவைச் சாத்திட்டுப் போயிட்டார்.

ஒண்ணு, 1:35. இன்னொண்ணு, 4:00. ஆனா என் போன் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடும். எனக்கு வேலைக்கு நேரம் ஆயிடக்கூடாதுன்னு அவதான் அப்படி வெச்சா. பத்தைக் கழிச்சுக்கோ.

இறக்கிட்டுக் கூப்பிட்டது எதுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு தடவைக்குத்தான் சாமான் இருக்குன்னியே. ரெண்டையும் பாரு.

மிளகு அம்மா

*

அக்டோபர் 24

அம்மா,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் எதையும் தொடவில்லை. அது எவ்வளவு விலை கொடுத்து எழுதிய கடிதம் என்று தெரிந்தது. எடுத்திருக்கலாம், எடுத்திருந்தால் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நானும் அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டேன். தினமும் அவளும் நானும் சேர்ந்துதான் ரோட்டைக் கடப்போம்.

இரண்டையும் செய்தேன். ஒன்று இருபத்தைந்துக்கு என்று வைத்து இறக்கியது, தண்ணீரில் அப்படியே கிடந்தது. அரைகுறை வேக்காடு என்று அவள் சொல்லியிருப்பாள். மூன்று ஐம்பதுக்கு என்று வைத்து இறக்கியது, அதாவது நாலு மணி நேரம் பத்து நிமிடம் சூட்டில் இருந்தது, முதல் தண்ணீரிலேயே விட்டுவிட்டது அம்மா. கத்திரிக்காய்த் தோல். நான் ஐயாவைக் கூப்பிடக்கூட மறந்துவிட்டேன்.

மறுநாள் அடியில் ஒன்றும் தங்கவில்லை. உங்களைப் போல மூடி வைத்துத் திறந்து பார்த்தேன். மின்சாரம் ஓடுவதையும் அளந்துவிட்டோம், கொஞ்சம்தான், ஆனால் ஓடுகிறது. இனி புதிதாக மூலப்பொருள் செய்து, இதையே இன்னும் மூன்று முறை செய்து காட்ட வேண்டும். ஐயா இப்போது வேண்டாம் என்று சொல்வதில்லை. முதல் பேர் அவள் பேர்.

இந்தப் பொட்டலத்தில் ஒரு பாட்டில் இருக்கிறது. உள்ளே காய்ந்த கறை. அவள் மூலப்பொருளில் செய்ததில் கடைசி மிச்சம். இதை நீங்கள் திருப்பித் தர வேண்டியதில்லை. நீங்களே கழுவுங்கள்.

சோடாபுட்டி

*

நவம்பர் 2

அடி மிளகு,

நான் இருக்கேன். முட்டிவலி மழைக்கு ஜாஸ்தி. உன் சோடாபுட்டி வாரத்துக்கு ஒரு தரம் மாத்திரை போட்டியான்னு கேட்டு எழுதறா, உன்னைவிட மோசம். அவ கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டா மட்டும் பதில் வராது.

இன்னைக்கு அந்தப் பாட்டிலைக் கழுவினேன். அதே குழாய்த் தண்ணி. ஊத்தினதும் சுவத்தை விட்டு அப்படியே இறங்கி வந்துச்சு, ஊதாவா. முகர்ந்து பாத்தேன். உன் முடியில அடிக்குமே, அந்த நாத்தம் இல்ல. ஒரு நாத்தமும் இல்ல. இந்தத் தடவை கொட்டல. கண்ணாடி டம்ளர்ல ஊத்தி ஜன்னல்ல வெச்சிருக்கேன். அதுக்குப் பின்னாடிதான் போன், அணைச்சபடியே.

மனசு ஆறிடுச்சான்னு கேட்டா இல்ல. உன் பேர் இங்கிலீஷ் அச்சுல வருமாம். வரட்டும். அதைப் படிக்கக்கூட எனக்குத் தெரியாது, நம்பர் மட்டும்தான் படிப்பேன்.

ஒரு மாசமா அந்த ரெண்டு நம்பரைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டாவது தரம் நீ எதுக்குக் கூப்பிட்டேன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. இறக்கிட்டே. சொன்ன சொல் தவறாம கூப்பிட்டே. எடுத்திருந்தா "அம்மா, இறக்கிட்டேன்"னு சொல்லியிருப்பே, நான் "சரி, சாப்பிட்டியா"ன்னு கேட்டிருப்பேன். அந்தப் பேச்சை நானே பேசி முடிச்சுக்கிட்டேன்.

ஆனா நீ முதல் தரம் கூப்பிட்ட ஒண்ணு இருபத்தஞ்சுக்கு அது இன்னும் அடுப்புலதான் இருந்துச்சு. நீ இறக்கவே இல்ல. வேலை நடுவுல கூப்பிடற ஆளும் இல்ல நீ.

அப்ப எதுக்குடி கூப்பிட்டே?